நம்ம ஊர் குழுவின் அக்கூஸ்டிக் கச்சேரி: நேற்று யார் யார் வந்திருந்தீர்கள்?

ஒழுகினசேரிக்காரன் | ஞாயிறு காலை 6.40

நேற்று நாகர்கோவிலில் நம்ம ஊர் பாட்டுக் குழு அக்கூஸ்டிக் கச்சேரி (கரண்ட் வாத்தியம் இல்லாமல் வாசிக்கிறது) வைத்தார்களே, யாராவது வந்திருந்தீர்களா? ராத்திரி வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு காலையில் எழுதுகிறேன். குழுவின் பெயரைப் போடப் போவதில்லை, போன தடவை பெயர் போட்டு எழுதிய இழையில் நடந்த அடிதடி போதும். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் 'டிசம்பரில் கோட்டாறு பக்கம் மேடை போட்டுக் கிதாரை அலற விடுவார்களே, அவர்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களை முதலில் கேட்டது 2012-இல், சவேரியார் கோயில் திருவிழாச் சமயம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, பின்னால் ஜெனரேட்டர் புகை, முன்னால் ரசவடைக் கடை. பேஸ் அடித்தால் கையில் இருக்கும் டீயில் வட்டம் வட்டமாக அலை வரும். அதற்கப்புறம் எப்படியும் பதினைந்து தடவை கேட்டிருப்பேன், எல்லாம் அதே மாதிரி இடங்கள்தான். அதனால் போஸ்டரில் அக்கூஸ்டிக் என்று பார்த்ததும் சந்தோஷத்தைவிடக் கொஞ்சம் பயம்தான் வந்தது. சத்தத்தை எடுத்துவிட்டால் இவர்களிடம் என்ன மிச்சம் இருக்கும், ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் இத்தனை வருஷமாக எதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம் என்று ஆகிவிடுமே.

இடம் ஒரு பழைய கூடம், மேலே தகர ஷீட். நூறு நாற்காலி இருக்கும், பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பாடகர் ஸ்டூலில் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்து பாடி நான் பார்த்ததே இல்லை. டிரம்ஸ்காரர் கஹோன் பெட்டிமேல், அதுதான் மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி, உட்கார்ந்திருந்தார். பேஸ்காரர் வழக்கம்போல ஓரத்தில், யாரோ கட்டாயப்படுத்திக் கூட்டி வந்த மாதிரி. நாலாவதாக ஒரு மாமா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மடியில் குடம். வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிக்கிறவர் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

முதல் பாட்டுக்கு முன்னாலேயே நாலைந்து நிமிஷம் சுதி சேர்த்தார்கள். இந்த ஈரத்தில் கிதார் நிற்கவே இல்லை. யாரோ பின்னாலிருந்து 'நேரமாகுது மக்கா' என்று கத்த, பாடகர் 'திருவிழாவில் சுதி சேராமலேதான் வாசித்தோம், உங்களுக்குத் தெரியவில்லை' என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லாப் பாட்டையும் சுதியில் அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கியிருந்தார்கள் என்று நினைக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வயதாகிறது அவருக்கும். உச்சியில் கத்துகிற இடங்களில் எல்லாம் மெதுவாக, பேசுகிற மாதிரிப் பாடினார், அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது பாட்டில் மழை பிடித்தது. சாரல் இல்லை, கொட்டு மழை. தகர ஷீட்டில் விழுந்ததும் கிதார் மொத்தமாகக் காணாமல் போயிற்று, வாய் அசைவது மட்டும் தெரிகிறது. குட மாமா மழைக்குச் சமமாக அடித்துப் பார்த்தார், ஒரு நிமிஷத்தில் அவரும் கையைத் தூக்கிவிட்டார். இருபது நிமிஷம் கச்சேரி நின்றது, எல்லோரும் டீ குடித்தோம், பாடகர் கீழே இறங்கி வந்து வடை சாப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழை விட்ட பிறகு அந்தக் கடற்கரைப் பாட்டைப் பாடினார்கள். இது காதல் பாட்டு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் 'கடல் ஒட்டி வளருது, கண்ணு மூட முடியல' என்று நானே ஆயிரம் தடவை பைக்கில் பாடியிருக்கிறேன், கடலோரமாக ஏதோ ஆசை வளருது, தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் என்று. நேற்று நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், மைக்கே தேவையில்லாத தூரம். அவர் பாடியது 'கடன் வட்டி வளருது'. வள்ளத்துக்கும் வலைக்கும் கடன் வாங்கின ஒரு ஆளுடைய பாட்டு அது! அப்புறம் யோசித்தால் முதல் சரணத்தில் வருகிற 'சேட்டா வருவார்' (சேட்டா என்றால் மலையாளத்தில் அண்ணன்) காதலியுடைய அண்ணன் இல்லை, வட்டிக்காரன். என் கல்யாண வீடியோவுக்குப் பின்னணியாக இந்தப் பாட்டைத்தான் போட்டிருக்கிறேன்.

என் குடையை வேறு அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கறுப்பு, மரக் கைப்பிடி. யாராவது எடுத்து வைத்திருந்தால் சொல்லுங்கள்.


தோஹா மக்கா | ஞாயிறு காலை 7.15

கல்யாண வீடியோவில் வட்டிக்கடன் பாட்டு, நல்ல பொருத்தம்தான் அண்ணா, கல்யாணத்துக்கு வாங்கின கடன் முடிந்ததா?

நான் இங்கே வெள்ளிக்கிழமை லீவில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது இந்தக் குழுவைத்தான் கேட்பேன். வீடியோ யாரிடமாவது இருக்கிறதா? முழுசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.


தூயவன் 77 | ஞாயிறு காலை 8.02

நானும் இருந்தேன், கடைசி வரிசை. எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். கிதாரில் வயர் குத்தியிருந்ததைப் பார்த்தீர்களா இல்லையா? பாடகர் முன்னால் மைக், கஹோனுக்கு மைக், இரண்டு ஸ்பீக்கர். பிளக்கைக் குத்திவிட்டு அக்கூஸ்டிக் என்று போஸ்டர் அடிப்பது ஏமாற்று. 150 ரூபாய் டிக்கெட் வேறு. கோயில் திருவிழாவில் சும்மா கேட்டதைச் சத்தம் குறைத்துக் காசுக்கு விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.


கேப்போ மூன்று | ஞாயிறு காலை 8.31

தூயவன் அண்ணாச்சி, அப்படிப் பார்த்தால் உலகத்திலேயே பேர் போன அக்கூஸ்டிக் கச்சேரியும் ஏமாற்றுதான். 1993 நவம்பர் 18, நியூயார்க், எம்டிவி சேனலுக்காக நிர்வாணா என்ற ராக் குழு வாசித்தது. பேரே 'அன்பிளக்ட்', பிளக் குத்தாதது என்று அர்த்தம். அதன் பாடகர் கர்ட் கோபேன் தன்னுடைய மார்ட்டின் கம்பெனி கிதாரை ஆம்ப்ளிஃபையரில் போட்டுத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா, பாடுகிறவர்களுக்கே கேட்பதற்காக மேடையில் கீழே வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஒரு போலிப் பெட்டி அடித்து ஆம்பை மறைத்து வைத்தார். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் டேவ் குரோல் எப்போதும் இடி மாதிரி அடிக்கிற ஆள், அவர் கையில் பிரஷ்ஷும், மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டின ஸ்டிக்கும் கொடுத்து அடக்கினார்கள். அந்தக் கிதார் 2020-இல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது. வயர் குத்தின கிதார்தான்.

வயர் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அடிக்கிற அடியில் தப்பு தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கிதாரை அலற விடுகிற டிஸ்டார்ஷன் போட்டால் தப்பாக அழுத்தின தந்தியும் சேர்ந்து முழங்கிவிடும், கண்டுபிடிக்க முடியாது. நேற்று நாலாவது பாட்டில் கிதார்காரர் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துகிறது) மாற்றும்போது விரல் தந்தியில் வழுக்கி 'கீச்' என்று ஒரு சத்தம் வந்ததே, அது எனக்குக் கச்சேரியிலேயே பிடித்த சத்தம். பத்து வருஷமாக அந்த ஆள் அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை.

ஒழுகினசேரிக்காரரே, ஒரு கட்டை இல்லை, அரைக்கட்டைதான் இறக்கியிருந்தார்கள், கடற்கரைப் பாட்டு மட்டும் ஒரு முழுக் கட்டை. நான் வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தேன்.


சுடலைகோயில் தெரு | ஞாயிறு காலை 9.20

நீங்கள் நியூயார்க் வரைக்கும் போக வேண்டாம் தம்பி. எங்கள் தெருவில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைக்கிறோம், என் தாத்தா காலத்திலிருந்து. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை. எதில் கரண்ட் இருக்கிறது? அண்ணாவி நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லின் நாணில் தட்டிக்கொண்டே கதை பாடுவார், வில்லில் கட்டின மணி எல்லாம் சேர்ந்து ஒலிக்கும், வலப்பக்கம் இடப்பக்கம் ஆட்கள் பின்பாட்டு. விடிய விடியக் கதை போகும், ஒரு சொல்லும் தவறாமல் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கிழவிகள் எழுந்து 'என்னடா முனங்குறே' என்று கேட்டுவிடுவார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இந்த இழை போட்டவருடைய ஊர்க்காரர், ஒழுகினசேரி, அவரும் வில்லுப்பாட்டில் இருந்து போனவர்தான்.

நான் நேற்று வந்தது அந்தக் குடக்காரருக்காக. அவர் எங்கள் கொடைக்கு வந்திருக்கிறார். பையன்களுக்கு அவருடைய அருமை தெரிந்ததா என்பது சந்தேகம்தான், பாதிப் பாட்டுக்குச் சும்மா டொக்கு டொக்கு என்று நேரம் பிடிக்க வைத்துவிட்டார்கள். குடத்தின் வாயில் மட்டையால் அறைந்தால் கீழிருந்து ஒரு 'கும்' வரும், இன்னொரு கையால் வயிற்றில் தட்டினால் 'டிங்' என்று மேலே ஒன்று. இரண்டையும் சேர்த்து அவர் பேசுவார். நேற்று அவரைப் பேச விட்டது ஒரே ஒரு பாட்டில். மற்றபடி கஹோன் பெட்டி எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை, குடம் இருக்கும்போது.


தோவாளைப் பிச்சி | ஞாயிறு காலை 10.05

நானும் அம்மாவும் போயிருந்தோம். பெண்கள் மொத்தம் எட்டுப் பேர், எண்ணினேன். திருவிழா மேடைப் பக்கம் அம்மா என்னை விட்டதே இல்லை, இந்தக் குழுவை நான் மாடியில் நின்றுதான் இதுவரை கேட்டிருக்கிறேன், காற்று அடிக்கிற திசையைப் பொறுத்துப் பாதிப் பாட்டு வரும் பாதி வராது. ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் என்ன கேட்கும், ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்கே காது அடைக்கும். அதனால் இவர்களை முகம் பார்த்துக் கேட்டது நேற்றுதான்.

நல்லா இருந்தது. ஆனால் பாட்டுக்கு நடுவில் அண்ணன் பேசிய பேச்சு கொஞ்சமா! ஒரு பாட்டு நாலு நிமிஷம், அதற்கு முன்கதை ஏழு நிமிஷம். அம்மா இரண்டு தடவை வாட்சைப் பார்த்தாள், எங்களுக்குக் கடைசி பஸ் கவலை. கடைசி இரண்டு பாட்டைக் கேட்காமலே கிளம்பிவிட்டோம். மழை இருபது நிமிஷம், பேச்சு ஒரு நாற்பது நிமிஷம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒழுகினசேரி அண்ணா, எனக்கு 'கடல் ஒட்டி' என்றுதான் கேட்டது. இரண்டாவது வரிசை.


ஒழுகினசேரிக்காரன் | ஞாயிறு காலை 10.12

இரண்டாவது வரிசையா? சத்தியமாக 'வட்டி' தங்கச்சி. உதட்டைப் பார்த்தேன், 'வ'வுக்குப் பல் உதட்டில் படும்.


தோவாளைப் பிச்சி | ஞாயிறு காலை 10.14

மைக் மறைத்திருந்ததே, உதடு எங்கே தெரிந்தது?


மிக்சர் அண்ணாச்சி | ஞாயிறு மதியம் 12.48

சவுண்டு பார்த்தது நான்தான். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், தூயவன் போட்டதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில், அந்தக் கூடத்தில் டிரம் செட் வைக்கவே முடியாது. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே தகரம், ஒரு தட்டுத் தட்டினால் அது சுவரில் இருந்து சுவருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த தட்டோடு மோதும், பாட்டில் உள்ள சொல் எல்லாம் கஞ்சியாகிவிடும். கஹோன் வைத்ததற்கு அதுதான் காரணம். அது ஒன்றும் பேஷனுக்கு வந்த சாமான் இல்லை, பெரு நாட்டில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த வாத்தியம், பாக்கோ தே லூசியா என்ற கிதார் மேதைதான் 1970-களில் அதை எடுத்துக்கொண்டு போய் ஸ்பெயினின் பிளமெங்கோ இசையில் சேர்த்தார். நடுவில் அடித்தால் பேஸ் டிரம் மாதிரி, மேல் விளிம்பில் அடித்தால் சடசடக்கிற ஸ்னேர் டிரம் மாதிரி. சுடலைகோயில் தெரு சார் சொல்கிற குடம் அதைவிட அழகுதான், ஆனால் குடம் ஒரு ஆள், நாலு பாட்டுக்கு மேல் அந்த வேகத்தில் அடித்தால் அவருக்குக் கை வலிக்கும் என்று அவரே சொன்னார். அவரை நாங்கள் ஓரம் கட்டவில்லை.

இரண்டாவது, வயர். கிதாரில் தந்தி வந்து உட்கார்கிற பிரிட்ஜில் சாடில் என்ற கட்டைக்கு அடியில் பீசோ பிக்கப் என்று ஒரு பட்டை இருக்கும், தந்தியின் அதிர்வை அது நேராக எடுத்துவிடும். கிதாரின் வயிற்றுக்குள் சுற்றி வருகிற காற்றின் சத்தம் அதில் வராது, அதனால் கொஞ்சம் தகர டப்பா மாதிரி, வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். அதனால் நான் முன்னால் நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கிற ஒரு கண்டென்சர் மைக்கும் வைத்து இரண்டையும் கலந்தேன். கலவையில் மைக்தான் அதிகம். ஸ்பீக்கர் எதற்கு என்றால் கடைசி வரிசைக்கு, தூயவனே, உங்களுக்காகத்தான் வைத்தேன்! முன் மூன்று வரிசைக்குப் பெரும்பாலும் நேர்ச் சத்தம்தான் வந்தது.

ஆரம்பத்தில் இரண்டு தடவை 'ஊ' என்று ஹவுலிங் வந்ததற்கு மன்னிக்கவும். கிதார் பெட்டிக்குள் இருக்கிற காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக அதிரும், ஸ்பீக்கரில் இருந்து அதே சத்தம் வந்தால் பிடித்துக்கொண்டு ஊதும். கிதாரின் ஓட்டையை அடைக்க ரப்பர் மூடி வாங்கி வைத்திருந்தேன், வீட்டிலேயே மறந்துவிட்டேன். கடைசியில் வட்டமாக வெட்டின அட்டையை வைத்து ஒட்டினேன், அது ஏத்தங்காய் சிப்ஸ் வந்த அட்டைப்பெட்டி. அதற்கப்புறம் ஹவுலிங் வந்ததா? வரவில்லை.

தெரு மேடையில் இருக்கிற கஷ்டம் வேறு. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷ விதி இருக்கிறது, திருவிழா மாதிரி சமயத்துக்கு அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணிவரை விடலாம். எந்த நாளுக்கு விட்டிருக்கிறார்கள் என்று கேட்டு அலைவதிலேயே பாதி நாள் போகும். 9.50 ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நேற்றுதான் மணியைப் பார்க்காமல் வேலை செய்தேன்.

அதனால்தான் பாடகர் அவ்வளவு பேசினார் என்று இப்போது புரிகிறது.


தூயவன் 77 | ஞாயிறு மதியம் 1.30

சரி அண்ணாச்சி, சத்தம் கடைசி வரிசைக்குத் தெளிவாக வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். போஸ்டரில் 'குறைந்த சத்தக் கச்சேரி' என்று போட்டிருக்கலாம் என்பதை மட்டும் விடமாட்டேன். 150 ரூபாய் பற்றிப் பேசியது தப்பு, நேற்று வடைக்கே 60 ரூபாய் கொடுத்தேன்.


கேப்போ மூன்று | ஞாயிறு மதியம் 1.41

'குறைந்த சத்தக் கச்சேரி' என்று போட்டால் நீங்களே வரமாட்டீர்கள்.


தோஹா மக்கா | ஞாயிறு மதியம் 2.20

தம்பி ஒருவன் இரண்டு நிமிஷ வீடியோ அனுப்பியிருக்கிறான், கடற்கரைப் பாட்டுத்தான். ஹெட்போனில் பத்துத் தடவை கேட்டேன். போன் மைக் என்ன செய்கிறது என்றால், அவர் மெதுவாகப் பாடுகிற இடத்தில் கூடத்தின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது, குடம் விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. 'கட' வரைக்கும் தெளிவு. அடுத்த எழுத்தில் கும் என்று குடம். 'ட்டி வளருது' மறுபடியும் தெளிவு. அந்த மாமா வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது.

பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ 'டீ சுடுது பாத்து' என்கிறார்கள். அதை ஐந்து தடவை தனியாகக் கேட்டேன், பாட்டை விட்டுவிட்டு.


சுடலைகோயில் தெரு | ஞாயிறு மாலை 4.00

வட்டி என்றுதான் இருக்க வேண்டும். கடல் ஒட்டி என்ன வளரும், தாழையா? பாட்டு எழுதினவன் கடற்கரைக்காரன். சின்ன வயதில் வீட்டு வாசலில் வட்டிக்காரன் சைக்கிள் மணி கேட்டால் பின்பக்கம் ஓடின பிள்ளைகளில் நானும் ஒருவன், அது யாருக்கும் பாட்டு எழுதத் தோன்றாத விஷயம் இல்லை.


தோவாளைப் பிச்சி | ஞாயிறு மாலை 4.25

தாழை வளருமே சார். ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகு 'கடல் ஒட்டி' என்று பாட எனக்கே வாய் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், 'கடன் வட்டி என்றுதான் எனக்கு முதலிலேயே கேட்டது, நீ இரண்டு வருஷமா வேற என்னமோ பாடிக்கிட்டுத் திரியுறே, காதல் போல என்று விட்டுட்டேன்' என்கிறாள்.


மிக்சர் அண்ணாச்சி | ஞாயிறு மாலை 6.10

எனக்குச் சண்டையில் சேர விருப்பம் இல்லை. நான் அந்த இடத்தில் மழையில் நனைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழு ஆள் ஒருவரிடம் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன், பார்ப்போம்.


ஓரத்தில் நிற்பவன் | ஞாயிறு இரவு 9.37

பேஸ் வாசிக்கிறவன் நான். இங்கே கணக்கு இல்லாததால் இப்போதுதான் ஆரம்பித்தேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட மாமா இந்த இழையைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சுடலைகோயில் தெரு சாருக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அடுத்த தடவை இரண்டு குடம் கொண்டு வருகிறாராம், மண்பாண்டம் செய்கிற சுங்கான்கடையில் சொல்லி வைத்தாயிற்று, ஒன்று சுதி கொஞ்சம் கீழே.

தோவாளைத் தங்கச்சிக்கு: பாடகரிடம் பேச்சைக் குறைக்கச் சொன்னேன். அதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார்.

சுதி இறக்கினது அவருக்குத் தொண்டை சரியில்லாததால். வயது காரணம் என்று எழுதினவர் மேல் கோபமாக இருக்கிறார்.

பாட்டு விஷயம். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்ப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தோம். 'கடன் வட்டி'தான். பால்பாயிண்ட் பேனாவில், அடியில் கோடு போட்டு. ஆனால் இந்தப் பாட்டு வந்ததிலிருந்து இரண்டாவது சரணத்தில் அவர் கூடவே பின்குரல் பாடுகிறவன் நான், நான் இத்தனை வருஷமும் 'கடல் ஒட்டி' என்றுதான் பாடியிருக்கிறேன். நேற்றும்.

என் மைக் தோவாளைத் தங்கச்சி உட்கார்ந்திருந்த பக்கம்.

குடை என்னிடம் இருக்கிறது. கிதார்ப் பெட்டியோடு சேர்ந்து வந்துவிட்டது.


ஒழுகினசேரிக்காரன் | ஞாயிறு இரவு 9.44

மரக் கைப்பிடியா?


ஓரத்தில் நிற்பவன் | ஞாயிறு இரவு 9.45

மரக் கைப்பிடி. ஒரு கம்பி வளைந்திருக்கிறது, அது முன்னாலேயே இருந்ததா?